ஓல்ட் நம்பர் ஒன்: எந்தப் பாகத்தில் இருக்கிறது ஒரு காரின் வரலாறு?

பழைய பந்தயக் கார்களைப் பற்றிப் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு என்பது இங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். வழக்கமாக எஞ்சின், கியர்பாக்ஸ், பந்தய முடிவு என்று போகும். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி. என்னை இதுக்குள்ள இழுத்து விட்டது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு.

லண்டன் உயர் நீதிமன்றம், 1990 ஜூலை. வழக்கின் பெயர் ஹப்பர்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டர். ஹப்பர்ட் ஒரு காரின் சொந்தக்காரர். மிடில்பிரிட்ஜ், அதை வாங்குவதாக ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்வாங்கிய கம்பெனி. விலை 1 கோடி பவுண்டு. காரில் பழுது இல்லை, காகிதத்தில் வில்லங்கம் இல்லை. கம்பெனி சொன்னது ஒன்றுதான்: "இது அந்தக் கார் இல்லை."

எந்தக் கார்? 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். செல்லப் பெயர் ஓல்ட் நம்பர் ஒன். 1929 பந்தயத்தில் அதன் மேல் எழுதியிருந்த எண் 1, அதனால் அந்தப் பெயர்.

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சொல்ல, அந்தக் காரின் அறுபது வருட வாழ்க்கையை நட்டு போல்ட் வரைக்கும் நீதிமன்றத்தில் பிரித்துப் போட வேண்டியிருந்தது. நாமும் அந்த வழியிலேயே போவோம்.

முதலில் மனுஷன். வுல்ஃப் பார்னாட்டோ. அவருடைய அப்பா பார்னி பார்னாட்டோ தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும் பணம் சேர்த்தவர். 1897-ல் கப்பலில் வரும்போது கடலில் விழுந்து இறந்துபோனார். வுல்ஃபுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. வைரக் காசு பிள்ளைக்கு வந்தது. பிள்ளை கார் பைத்தியம். 1926-ல் பென்ட்லி கம்பெனி பணமில்லாமல் தள்ளாடியபோது முதலீடு போட்டு, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ.ஓ. பென்ட்லி ஒரு அருமையான எஞ்சினியர். ஆனால் கம்பெனிக் கணக்கு மட்டும் அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை. எனக்குத் தெரிந்த நாலைந்து ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள், பெயர் வேண்டாம்.

பணக்காரப் பையன் காசு கொடுத்து டீமில் இடம் வாங்கினான் என்று நினைத்துவிடக் கூடாது. பார்னாட்டோ லெ மானில் மூன்று முறை ஓட்டினார், மூன்று முறையும் ஜெயித்தார். 1928-ல் பெர்னார்ட் ரூபினோடு நாலரை லிட்டர் பென்ட்லியில், 1929-ல் டிம் பிர்கினோடு, 1930-ல் க்ளென் கிட்ஸ்டனோடு. மூன்று முறை இறங்கி மூன்றிலும் ஜெயித்தவர் அந்தப் பந்தயத்தின் சரித்திரத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

பின்னால் சொன்ன இரண்டு வெற்றிகளும் ஓல்ட் நம்பர் ஒன்னில் வந்தவை.

ஸ்பீட் சிக்ஸ் என்பது பென்ட்லியின் ஆறரை லிட்டர் காரின் வேக வடிவம். வரிசையாக ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் போர், 140 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் 6,597 சிசி. சிலிண்டருக்கு நாலு வால்வு, மேலே கேம்ஷாஃப்ட். இந்த அமைப்பு இன்றைக்கு எல்லாக் காரிலும் சாதாரணம். 1920-களில் அப்படி இல்லை. பந்தய வடிவத்தில் சுமார் 200 குதிரைத்திறன். டபிள்யூ.ஓ.வுக்கு சூப்பர்சார்ஜர் என்றாலே ஆகாது. சக்தி வேணும்னா எஞ்சினைப் பெரிசாக்கு, காற்றை உள்ளே திணிக்காதே என்பது அவர் கட்சி. பிர்கின் அதற்கு எதிர்க்கட்சி. அவர் வெளியே ஒரு பணக்காரப் பெண்மணியின் காசில் சூப்பர்சார்ஜர் வைத்த 'ப்ளோயர்' பென்ட்லிகளைக் கட்டினார். இன்று போஸ்டரில் பார்க்கிற பென்ட்லி பெரும்பாலும் அந்த ப்ளோயர்தான். ஆனால் ப்ளோயர் ஒரு லெ மான்கூட ஜெயிக்கவில்லை. அமைதியாகப் போய் ஜெயித்துவிட்டு வந்தது ஸ்பீட் சிக்ஸ்.

1929 லெ மானில் போட்டி என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. முதல் நாலு இடமும் பென்ட்லி. முன்னால் பார்னாட்டோவும் பிர்கினும் ஓட்டிய ஓல்ட் நம்பர் ஒன், பின்னால் நாலரை லிட்டர் கார்கள் மூன்று. 24 மணி நேரத்தில் 2,843 கிலோமீட்டர். கடைசியில் மற்ற கார்களுக்காக வேகத்தைக் குறைத்து ஊர்வலம் மாதிரி வந்து முடித்தார்கள். அதே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஆறு மணி நேரப் பந்தயத்திலும் அதே கார் ஜெயித்தது, அங்கே பார்னாட்டோவோடு ஓட்டியவர் ஜாக் டன்ஃபீ. இந்த டன்ஃபீ என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1930 அப்படிச் சுலபமாக இல்லை. மெர்சிடீஸ் ஒரே ஒரு எஸ்.எஸ்.கே. காரோடு வந்தது. ஏழு லிட்டர், சூப்பர்சார்ஜர், ஸ்டியரிங்கில் ருடால்ஃப் கரச்சியோலா. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அவரைவிடப் பெரிய டிரைவர்கள் ரொம்பக் கொஞ்சம். பிர்கின் தன் ப்ளோயரில் பேய் மாதிரி துரத்தி, டயர் ரப்பர் பிய்ந்து பறக்கப் பறக்க மெர்சிடீஸைத் தாண்டினார். பார்க்கிறவர்களுக்கு அதுதான் பந்தயம். பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் அவசரப்படாமல் அழுத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி மெர்சிடீஸ் மின்சாரக் கோளாறில் நின்றது. ப்ளோயர்களும் முடிக்கவில்லை. ஓல்ட் நம்பர் ஒன் 2,930 கிலோமீட்டர் ஓடி முதலில் வந்தது, இன்னொரு ஸ்பீட் சிக்ஸ் இரண்டாவது. இந்த முறை அதன் மேல் இருந்த எண் 4. பெயர் மட்டும் நம்பர் ஒன்னாகவே நின்றுவிட்டது.

ஒரே கார் இரண்டு முறை லெ மான் ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்றால், அடுத்து அது நடக்க 1968, 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது ஃபோர்டு ஜிடி40, சேஸிஸ் எண் 1075.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். "ஒரே கார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதில்தான் வழக்கின் விதை இருக்கிறது. பென்ட்லியின் பந்தயக் கார்கள் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பட்டறைக்கு வரும். எஞ்சின் இறங்கும், ஆக்ஸில் கழறும், தேய்ந்தது போகும், புதுசு ஏறும். ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்குப் போகும். யாரும் இதை மோசடி என்று நினைக்கவில்லை. 24 மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய எஞ்சினை அப்படியே அடுத்த போட்டிக்கு அனுப்பினால்தான் அது முட்டாள்தனம். மெக்கானிக்குகளுக்கு அது அன்றாட வேலை. அறுபது வருடம் கழித்து ஒரு நீதிபதி இதையெல்லாம் கேட்பார் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

1930 வெற்றிக்குக் கொஞ்ச நாளில் பென்ட்லி பந்தயத்திலிருந்து விலகியது. உலகப் பொருளாதாரம் சரிந்த நேரம், ஆடம்பரக் கார் யார் வாங்குவார்கள்? 1931-ல் பார்னாட்டோவே கையை விரித்துவிட, கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. நேப்பியர் வாங்கிவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, ரோல்ஸ் ராய்ஸ் வேறொரு கம்பெனியை முன்னால் நிறுத்தித் தட்டிக்கொண்டு போனது. கார் தயாரித்த கம்பெனி போச்சு, ஆனால் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதே 1931-ல் புரூக்லாண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் ஓல்ட் நம்பர் ஒன்னை ஓட்டி ஜெயித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 118 மைல், அதாவது சுமார் 190 கிலோமீட்டர். லெ மானுக்குப் போன நாலு சீட்டுக்கார உடல் இப்போது இல்லை. வேகத்துக்காகவே செதுக்கிய வேறு பாடி.

புரூக்லாண்ட்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் பக்கத்தில் 1907-ல் கட்டிய கான்கிரீட் ஓடுதளம். கார் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் பெரிய தளம். வளைவுகளில் தரை கிண்ணத்தின் விளிம்பு மாதிரி மேலே சரிந்து எழும்பும், உயரம் கிட்டத்தட்ட 30 அடி. வேகமான கார் மேலே ஏறிப் போகும், மெதுவான கார் கீழே. மேல் விளிம்பில் தடுப்புச் சுவர் கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் காற்று, அப்புறம் மரங்கள்.

1932-ல் அதே 500 மைலுக்குக் காரை இன்னும் ஒரு படி ஏற்றினார்கள். ஆறரை லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, பென்ட்லியின் எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஓட்டியவர்கள் ஜாக் டன்ஃபீயும் அவர் தம்பி க்ளைவ் டன்ஃபீயும். செப்டம்பர் 24. அண்ணன் ஓட்டி முடித்து, தம்பி ஏறினார். மெம்பர்ஸ் பேங்கிங் என்ற பெரிய வளைவில் ஒரு காரைத் தாண்டுவதற்காக மேலே ஏறினார், சக்கரம் விளிம்பைத் தாண்டியது. கார் மேலிருந்து மரங்களுக்குள் போய் விழுந்தது. க்ளைவ் அங்கேயே இறந்துபோனார். அவர் மனைவி, நடிகை ஜேன் பாக்ஸ்டர், அன்று மைதானத்தில் இருந்தார். கல்யாணம் ஆகி இரண்டே வருடம்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கூட்டத்துக்கு ஆயுசு கம்மி. க்ளென் கிட்ஸ்டன் 1929-ல் ஒரு ஜெர்மன் விமான விபத்தில் தான் ஒருத்தர் மட்டும் உயிர் பிழைத்தவர். 1931-ல் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு விமான விபத்தில் போனார். பிர்கின் 1933-ல் டிரிபோலி பந்தயத்தில் சைலன்சர் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டு, அதற்கப்புறம் ரத்தத்தில் விஷம் பரவி இறந்தார். ஓல்ட் நம்பர் ஒன்னில் லெ மான் ஜெயித்த மூன்று பேரில் 1933 முடிவில் மிச்சம் இருந்தது பார்னாட்டோ மட்டும்.

நொறுங்கிய காரைப் பார்னாட்டோ குப்பையில் போடவில்லை. எட்டு லிட்டர் எஞ்சினோடு மறுபடி கட்டி, கூரை போட்ட கூப்பே பாடி வைத்து, ரோட்டில் ஓட்டுகிற காராக மாற்றினார். நண்பனின் தம்பி செத்த காரை ஏன் ஒருவர் மறுபடி கட்டி ஓட்டுவார் என்று நான் நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். நமக்கு அது அபசகுனம். அவர்கள் தலைமுறை உலகப்போரில் இருந்து திரும்பி வந்தது. சாவை வேறு மாதிரிப் பார்த்தார்களோ என்னவோ. அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின, கார் கை மாறியது, கை மாறக் கை மாற உடலும் மாறியது. 1948-ல் பார்னாட்டோவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது 1990-க்கு வருவோம்.

80-களின் கடைசியில் பழைய கார் விலை பட்டாசு மாதிரி ஏறியது. கார் பிடித்து வாங்கியவர்களைவிட விலை ஏறும் என்று வாங்கியவர்கள் அதிகம், அதில் ஜப்பான் பணம் நிறைய. மிடில்பிரிட்ஜும் ஜப்பான் பணத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு குழுமம்தான். ரிலையன்ட் சிமிட்டர் என்ற காரைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியதால் கம்பெனி பெயரில் சிமிட்டர். ஓல்ட் நம்பர் ஒன்னுக்கான ஒப்பந்தம் 1990 ஏப்ரல் 7-ல் ஆனது. தேதியைக் கவனியுங்கள். 1989 டிசம்பர் கடைசியில் 38,915 என்ற உச்சத்தில் இருந்த டோக்கியோ பங்குச்சந்தைக் குறியீடு, அந்த ஏப்ரல் ஆரம்பத்துக்குள் கால் பங்குக்கு மேல் விழுந்திருந்தது. கார் சந்தையும் அதே வருடம் சரிய ஆரம்பித்தது. கம்பெனி பின்வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விலை ஏறிக்கொண்டே இருக்கும்போது யாரும் பெடல் ஷாஃப்ட் எந்த வருடத்தது என்று கேட்பதில்லை, அது மட்டும் நிச்சயம்.

கம்பெனியின் வாதம் பொறியாளர் மூளைக்குச் சட்டென்று பிடிக்கும். ஓல்ட் நம்பர் ஒன் என்றால் லெ மானில் ஓடிய இரும்பு. அந்த இரும்பு இந்தக் காரில் எங்கே? காட்டு.

நீதிபதி ஓட்டன் நிஜமாகவே தேடினார். நிபுணர்கள் வந்தார்கள், பாகம் பாகமாக அலசினார்கள். கிடைத்த பதில் இது. 1929-ல் லெ மான் ஜெயித்த காரிலிருந்து மிஞ்சியது என்று உறுதியாகக் காட்ட ஒன்றுகூட இல்லை. 1930 காரிலிருந்து மூன்றே மூன்று: பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கேசிங், ஸ்டியரிங் காலம். சேஸிஸ், முன் ஆக்ஸில், எட்டு லிட்டர் எஞ்சின் மாதிரி பெரிய சாமான்கள் எல்லாம் 1932 வடிவத்தைச் சேர்ந்தவை.

இதைப் படித்தபோது, சரி, ஹப்பர்ட் தோற்றார் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த பக்கத்தில் அவர் ஜெயிக்கிறார்.

நீதிபதியின் வழி இப்படிப் போகிறது. இந்தக் காரை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, அந்த வார்த்தை பாகங்களைப் பற்றியது. ஆனால் இது நகல் இல்லை, செத்துப்போய் மறுபடி உயிர் கொடுத்ததும் இல்லை, ஏனென்றால் இது சாகவே இல்லை. ஒவ்வொரு பாகமும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, ஏற்கெனவே இருந்த காருக்குள் போய்க் கலந்தது. எந்த ஒரு நாளிலும் பட்டறையில் யாரும் "பழைய கார் முடிந்தது, இது வேறு கார்" என்று சொல்லவில்லை. நாலு சீசன் தொடர்ந்து ஓடியது. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு பென்ட்லியும் கிடையாது. ஏப்ரலில் விலை பேசியது உலோகத்துக்கு மட்டும் இல்லை, வரலாறும் பெயரும் சேர்ந்ததற்கு. ஆகவே இது மெய்யான ஓல்ட் நம்பர் ஒன். ஒப்பந்தத்தை நிறைவேற்று.

தீசியஸின் கப்பல் கதை தெரிந்திருக்கும். பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் விவாதித்ததாக புளூட்டார்க் எழுதியது. இரண்டாயிரம் வருடம் தத்துவவாதிகள் முடிக்காத விஷயத்தை ஒரு நீதிபதி முடித்து வைக்க வேண்டிய நிலைமை, அதுவும் 1 கோடி பவுண்டுக்கு.

முதலில் எனக்குத் தீர்ப்பு பிடிக்கவில்லை. வழவழா என்று தோன்றியது. மனசு மாறினது ஆபீசில். பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் பராமரிக்கும் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கிறது. போன மாதம் ஏதோ காரணத்துக்காக முதல் பதிப்பிலிருந்து எத்தனை வரி மிச்சம் என்று பார்த்தேன். ஒரு லைசென்ஸ் குறிப்பும் எழுத்துப்பிழையோடு ஒரு வேரியபிள் பெயரும்தான். மொழி மாறியாச்சு, டேட்டாபேஸ் இரண்டு தடவை மாறியாச்சு, எழுதின ஆட்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆனாலும் அது அதே சாஃப்ட்வேர் என்பதில் எங்கள் டீமில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஏன்? கமிட் வரலாறு அறுபடவில்லை. வேறு எதுவும் அந்தப் பெயரில் ஓடவில்லை. நீதிபதி ஓட்டன் பார்த்த இரண்டு அளவுகோலும் இவைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது அளவுகோல் லேசுப்பட்டதில்லை. பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய பாகங்களை எல்லாம் ஒருத்தர் பொறுக்கி வைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கார் கட்டியிருந்தால்? தீசியஸ் கதையில் ஹாப்ஸ் போட்ட திருகு இதுதான். அப்போது "வேறு யாரும் உரிமை கொண்டாடவில்லை" என்ற தூண் விழுந்துவிடும். பழைய கார் உலகத்தில் ஒரே சேஸிஸ் எண்ணுக்கு இரண்டு கார்கள் நிற்கிற தகராறுகள் உண்டு. எங்கள் பாஷையில் ஃபோர்க். ஓல்ட் நம்பர் ஒன்னின் அதிர்ஷ்டம், யாரும் அதை ஃபோர்க் செய்யவில்லை.

பெயரும் புகழும் மட்டும் போதும் என்றால் என்ன ஆகும் என்பதற்கும் பார்னாட்டோவே உதாரணம் விட்டுப் போயிருக்கிறார். 1930 மார்ச்சில் 'புளூ ட்ரெயின்' என்ற சொகுசு ரயிலைத் தோற்கடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி, தெற்கு பிரான்சின் கான் நகரிலிருந்து ஒரு ஸ்பீட் சிக்ஸில் கிளம்பினார். ரயில் கலேயைத் தொடுவதற்கு நாலு நிமிடம் முன்னால் லண்டனில் தன் கிளப்புக்குப் போய்விட்டார். எந்தக் காரில்? பல பத்தாண்டுகளாக எல்லாரும் காட்டியது கர்னி நட்டிங் பாடி போட்ட அழகான கூப்பேயை. அந்தக் கார் ரயிலோடு ஓடுகிற மாதிரி டெரன்ஸ் குனியோ வரைந்த ஓவியம்கூட இருக்கிறது. அப்புறம் ஆவணங்களைப் பார்த்தால், மார்ச்சில் அந்தக் கூப்பே கட்டி முடிக்கவே இல்லை! உண்மையில் ஓடியது முல்லினர் பாடி போட்ட சாதாரண நாலு கதவு சலூன். புகழ் முழுக்க அழகான காருக்குப் போயிற்று. அங்கே இரும்பு இருந்தது, வரலாறு இல்லை. ஓல்ட் நம்பர் ஒன்னில் தலைகீழ்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. வரலாறு அறுபடவில்லை என்ற வாதம் நிற்பது 1932-ஐத் தாண்டி வந்தால்தான். விளிம்பைத் தாண்டி மரத்தில் மோதிய காரை மறுபடி கட்டியதும் "கொஞ்சம் கொஞ்சமாக மாறியது" கணக்கில் சேருமா? அதிலும் பந்தயக் காராக இருந்தது கூப்பேயாக வெளியே வருகிறது. நான் நீதிபதியாக இருந்தால் தடுமாறியிருப்பேன். ஆனால் அந்த இடத்தில்தான் இரும்பு சாட்சி சொல்கிறது: இன்றைய காரில் பெரிய பாகங்கள் எல்லாம் அந்த 1932 காருடையவை. லெ மான் இரும்பு போய்விட்டது, க்ளைவ் டன்ஃபீ இறந்த காரின் இரும்பு நிற்கிறது. 1 கோடி பவுண்டு கேட்டது லெ மானுக்காக.

அப்புறம் அந்த மூன்று பாகங்கள். 1930 லெ மானிலிருந்து மிஞ்சியது பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கேசிங், ஸ்டியரிங் காலம். பட்டியலை இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் அந்த 24 மணி நேரமும் காலால் மிதித்து, கையால் கியர் மாற்றி, பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது இவற்றைத்தான்.